பனியனின் உள்பக்கம்

2008 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை இரவு. பெய்ஜிங்கில் உசைன் போல்ட் நூறு மீட்டரை 9.69 விநாடியில் முடித்தார். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு டிவி முன்னால் தெருவில் பாதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டைத் தொடும் முன்பே அவர் கைகளை விரித்து மார்பில் தட்டிக்கொண்டதைப் பார்த்து எல்லோரும் கத்தினார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. நான் அந்த மஞ்சள் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜமைக்காவின் மஞ்சள், அதில் பாய்கிற பூமா.

நானும் ஓடுகிறவன். 1500 மீட்டரும் 3000 மீட்டரும் என் ஓட்டங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பெங்களூரு சாலையோரமாகவே ஜூஜூவாடி செக்போஸ்ட் வரை ஓடி, வரிசையில் நிற்கிற லாரிகளைத் தாண்டி, கர்நாடக எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். லாரி டிரைவர்கள் ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருப்பார்கள். சிலர் கை தட்டுவார்கள். ஓசூரின் அந்த நேரத்துக் குளிரில், தொளதொளவென்ற பழைய பள்ளி பனியனோடு ஓடுகிற எனக்கு, போல்ட் போட்டிருந்தது போன்ற ஒன்று கிடைத்தால் போதும் என்று தோன்றியது.

அப்பா டைட்டனில் வேலை பார்த்தார். டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய நிறுவனம். ஓசூரில் ஆலை எழுந்தபோது சுற்றுவட்டாரப் பள்ளிகளில் படித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கடிகார வேலை கற்றுக்கொடுத்தார்கள். அப்படி ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவர் அப்பா. அந்த மாத ஓ.டி. பணத்தில் நானூற்றைம்பது ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்தார். "நல்லதாப் பாத்து வாங்குடா" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஒரு கடை. பெயர் வேண்டாம், இன்று அங்கே அந்தக் கடையும் இல்லை. கடைக்காரர் எனக்கு முன்னால் நின்றவரிடம் கன்னடத்திலும் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் தெலுங்கிலும் பேசிவிட்டு என்னிடம் தமிழுக்கு வந்தார். எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் இப்படித்தான். மேல்தட்டிலிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்துப் போட்டார். மஞ்சள் பனியன், பச்சைக் கரை, பூமா, கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாம் இருந்தது. "எக்ஸ்போர்ட் பீஸ் தம்பி. பெங்களூர் ஷோரூம்ல ஆயிரத்தி முந்நூறு. நீ ஸ்போர்ட்ஸ் பையன்னு நானூத்தம்பதுக்குத் தர்றேன்." நான் எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. போலி என்றால் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சோதனை. அதில் அந்தப் பனியன் தேறிவிட்டது.

முதல் வாரம் நான் பறந்தேன். இரண்டாவது வாரம் வலது அக்குளில் சிவந்தது. மூன்றாவது வாரம் தோல் உரிந்துவிட்டது. வேர்வை பட்டால் எரியும். பனியன் உடம்போடு பாலிதீன் மாதிரி ஒட்டிக்கொண்டது. வேர்வை வெளியேறவும் இல்லை, காயவும் இல்லை. அம்மா துவைத்த வாளியில் தண்ணீர் மஞ்சளாகி, அப்பாவின் வேலைச் சட்டைக் காலரில் ஏறியது. கிருஷ்ணகிரியில் நடந்த போட்டியில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு 3000 மீட்டர் ஓடினேன். நான்காவதாக வந்தேன். பனியன் நல்லதாக இருந்திருந்தால் முதலாவதாக வந்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால் வந்த மூன்று பேரும் என்னைவிட நன்றாக ஓடினார்கள். ஆனால் கடைசி இரண்டு சுற்றில் நான் கையை முழுதாக வீசி ஓடவில்லை. அது எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். கெலமங்கலம் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பெங்களூரு பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். காலையில் கம்பெனி பஸ் வரும்போது நான் ஓட்டம் முடித்துத் திரும்பிக்கொண்டிருப்பேன். டிபன் பாக்ஸோடு நிற்கும் பெண்களில் அவரும் ஒருவர். ஃபைனல் செக்கிங்கில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மாவு வாங்க வந்தவர் கொடியில் தொங்கிய என் பனியனைப் பார்த்தார். "யாருக்கா இத வாங்கினது?" என்று அம்மாவைக் கேட்டபடியே எடுத்தார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. எடுத்த கையோடு அதை உள்பக்கம் வெளியே வரும்படி ஒரே உதறாக உதறித் திருப்பினார். தோள் தையல், கழுத்து, அக்குள், பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று விரல்கள் வரிசையாக ஓடின. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"தம்பி, இது ஓடற பனியன் இல்ல. போட்டோ எடுத்துக்கற பனியன்."

பிறகு என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் பின்னாளில் உடற்கல்வி படித்தேன், ஆசிரியரானேன். ஒரு உடையைப் பற்றி அதைவிடத் தெளிவான வகுப்பு எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

முதலில் அக்குள். இரண்டு துணித் துண்டுகளைச் சேர்த்து ஓவர்லாக் அடித்தால் உள்ளே ஒரு கயிறு மாதிரி தையல் மேடு நிற்கும். வீட்டில் போடுகிற பனியனுக்கு அது போதும். ஆயிரக்கணக்கான தடவை கை முன்னும் பின்னும் போய்வருகிற ஓட்டத்தில் அந்த மேடு அரம் மாதிரி வேலை செய்யும். ஓடுகிறவர்களுக்கான நல்ல பனியனில் அந்த இடத்தில் பிளாட்லாக் தையல் இருக்கும். துணி மேல் துணி ஏறாமல் படுத்துக் கிடக்கும், விரலால் தடவினால் தட்டாது. இல்லையென்றால் தையலையே அக்குளிலிருந்து முன்னோ பின்னோ நகர்த்தி வெட்டியிருப்பார்கள். என் பனியனில் தடித்த ஓவர்லாக், அதுவும் நூல் முனை வெட்டாமல் பிசிறு தொங்கியது. என் காயம் இருந்த இடமும் அந்தத் தையல் இருந்த இடமும் ஒன்றுதான் என்பதை அக்கா காட்டும்வரை நானோ அம்மாவோ யோசித்ததே இல்லை.

அடுத்து தையலின் நெருக்கம். என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுக்கச் சொன்னார். ஓர் இன்ச்சுக்கு ஏழு தையல். அவர்கள் லைனில் பத்துக்குக் குறைந்தால் பீஸ் திரும்பிப் போகுமாம். தையல் நெருங்க நெருங்க நூல் கூடுதலாகச் செலவாகும், மிஷின் ஓடும் நேரமும் கூடும். போலிக்காரர் மிச்சம் பிடிக்கிற முதல் இடம் அதுதான்.

பிறகு லேபிள். இடுப்புப் பக்கத் தையலுக்குள் சின்னதாக ஒரு துணிப் பட்டை. அதில் தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என்று படங்கள் இருக்கும். இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. மூன்று புள்ளி பருத்திக்கு. என் பனியன் முழு பாலியஸ்டர், ஆனால் லேபிளில் மூன்று புள்ளி. "இதுல இருக்கற மாதிரி அயர்ன் போட்டா பனியன் பெட்டியோட ஒட்டிக்கும். லேபிள் அடிச்சவனுக்கு இது என்ன துணின்னே தெரியாது." ஏதோ ஒரு பருத்திச் சட்டையின் லேபிளை அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சொட்டுத் தண்ணீர். துணியின் மேல் விரல் நுனியால் விட்டார். சொட்டு முத்து மாதிரி உருண்டு நின்றது. பாலியஸ்டர் இயல்பாகத் தண்ணீரைக் குடிக்காது. விளையாட்டு உடைக்கென்று தயாரிக்கும்போது நூலிழையை மிக மெல்லியதாக, சில சமயம் இழையின் நெடுக்கில் வாய்க்கால் விழும்படி இழுத்து, அந்த இடுக்குகள் வழியாக வேர்வை பரவி ஓடும்படி பின்னுகிறார்கள். பரவிய வேர்வை சீக்கிரம் காயும். நல்ல துணியில் சொட்டு விழுந்தவுடன் காசு அகலத்துக்கு விரியும். பிற்பாடு எனக்கு அனுபவத்தில் தெரிந்தது: மலிவான துணியிலும் மேலுக்கு ஒரு ரசாயனத்தைத் தடவிச் சொட்டை விரியவைக்க முடியும்; நாலைந்து துவைப்பில் அது போய்விடும். அதனால் கடையில் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

இவ்வளவு நேரம் முன்பக்கத்தைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டேன். "முன்பக்கம் யாரு வேணாலும் அடிக்கலாம் தம்பி. ஸ்கிரீன் ஒண்ணு, மை ஒண்ணு, அவ்ளோதான்."

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வாட்ச்சும் அப்படித்தான்டா. டயலப் பாத்தா எல்லாம் ஒண்ணு. முதுகத் திறந்தாத்தான் தெரியும்." கடிகாரத்தின் முதுகைத் திறந்து பார்த்தே சம்பாதித்த மனிதர், பனியனுக்கும் முதுகு உண்டு என்று எனக்குச் சொல்லத் தெரியாமல் போனதற்கு வருத்தப்பட்டார். நானூற்றைம்பது ரூபாய்க்காக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா வேலை பார்த்த மேஜையைப் பற்றி அதற்குப் பிறகு நான் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தலைக்கு மேல் டியூப் லைட், கையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். குறை இருக்கிற இடத்தில் அம்பை ஒட்டிவிட்டால் பீஸ் திருத்தத்துக்குப் போகும். இத்தனைக்குப் பிறகும் ஆர்டர் கொடுத்த பையரின் ஆள் வந்து பார்ப்பார். மூவாயிரம் பீஸ் கொண்ட ஒரு லாட் என்றால் 125 பீஸை அவரே உருவி எடுத்துச் சோதிப்பார். வழக்கமான அளவுகோலின்படி ஏழு பீஸ் வரை பெரிய குறை இருந்தால் லாட் தேறும், எட்டாவது அகப்பட்டால் மொத்தமும் நிற்கும். தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த இடத்திலிருக்கும் துணியை எல்லாம் ஊசி கண்டுபிடிக்கும் மிஷினில் விடுவார்கள். குழந்தையின் முதுகில் உடைந்த ஊசி குத்தக் கூடாது என்பதற்காக இத்தனை. ஒரு பொருள் அசல் என்று சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது கம்பெனியின் படத்தைவிட இந்த ரிஜிஸ்டர்தான். போலிப் பனியன் தைக்கிற அறையில் அப்படி ஒரு ரிஜிஸ்டர் கிடையாது. ஊசி உடைந்தால் துண்டு எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லை.

அந்த அறையில் இல்லாத இன்னொன்றையும் 2016இல் பார்த்தேன். ஏப்ரல் 18ஆம் தேதி நான் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் பெங்களூரு போய்க்கொண்டிருந்தேன். ஓசூர் ரோட்டில் பஸ் நின்றுவிட்டது. பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்றார்கள். பி.எஃப். கணக்கில் முதலாளி கட்டிய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு அந்த பிப்ரவரியில் ஒரு விதி கொண்டுவந்திருந்தது. மகளின் கல்யாணத்துக்கும் கூரை மாற்றவும் அந்தப் பணத்தையே நம்பியிருந்தவர்கள் அவர்கள். எந்தத் தலைவரும் கூப்பிட்டு வந்த கூட்டம் இல்லை. மறுநாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. எங்கள் அக்காவும் அந்தச் சாலையில் இருந்தார். வெயிலில் கறுத்துப்போய் வந்து, "எங்க துட்டு தம்பி, விட்ருவமா?" என்றார்.

பெரிய பெயர்களுக்குத் தைக்கிறவர்களுக்கு நல்ல கூலி கிடைக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. குறைவுதான், அது மாற வேண்டும். ஆனாலும் அவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு பி.எஃப். எண் இருந்தது, மறிப்பதற்கு ஒரு சாலை இருந்தது. திருட்டுத்தனமாகப் பெயர் அடிக்கிற கொட்டகையில் வேலை செய்கிறவர் தான் எங்கே வேலை செய்கிறேன் என்றே வெளியில் சொல்ல முடியாது.

கொட்டகை எங்கே இருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் எல்லையூர் என்பதால் பெங்களூரு சிக்பேட்டையில் காலையில் கட்டிய மூட்டை மதியத்துக்குள் ஓசூரில் பிரிந்துவிடும். அது எங்கிருந்து சிக்பேட்டைக்கு வந்தது என்று கேட்டால் கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்பது போனது. இந்த மூட்டைகள் அதற்கு முன்பும் லாரியில் வந்ததாகத் தெரியவில்லை, பஸ்ஸின் முதுகில்தான் வந்தன.

ஒருமுறை கடைவீதியில் போலீஸ் சோதனையைப் பார்த்தேன். கம்பெனியின் ஆள் ஒருவர் கடிதத்தோடு வந்திருந்தார். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தில் போலி முத்திரைக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் வாரண்ட் இல்லாமல் சோதனை போட டி.எஸ்.பி. அந்தஸ்தில் ஒருவர் வேண்டும், பதிவாளரின் கருத்தையும் முதலில் வாங்க வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி சின்னம் என்பது ஒரு ஓவியம். ஓவியத்தை நகலெடுத்த குற்றத்துக்கு சப் இன்ஸ்பெக்டரே பறிமுதல் செய்யலாம். அதனால் பல சோதனைகள் அந்த வழியில் நடக்கின்றன. நான் பார்த்த அன்று ஜீப்பில் ஏற்றப்பட்டது கல்லாவில் நின்ற பையன். என் மாணவன் ஒருவனின் அண்ணன். மூட்டை அனுப்பியவர்களை யாரும் ஏற்றவில்லை. அந்தப் பையனின் முகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏமாற்றுகிறவருக்கு மிகவும் உதவுகிற சொல் அது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆசிரியரான பிறகு எர்ணாகுளம் இன்டர்சிட்டியில் காலையில் ஓசூரில் ஏறித் திருப்பூரில் இறங்கி, காதர்பேட்டைக்குப் போனேன். அங்கே உண்மையான மிச்சத்தைப் பார்த்தேன். ஆர்டர் எண்ணிக்கைக்கு மேல் நூற்றுக்கு மூன்று நான்கு கூடுதலாக வெட்டுவது வழக்கம், தையலில் கெடுவதை ஈடுகட்ட. கெடாமல் போனால் அது மிச்சம். பையர் திருப்பிய லாட்டும் வரும். பெயருக்குச் சொந்தக்காரர்கள் அவற்றை வெளியே விற்க அனுமதித்தாலும் லேபிளை வெட்டிவிட்டுத்தான் விற்கச் சொல்வார்கள். அதனால் உண்மையான மிச்சத்துக்கு அடையாளம் உண்டு: கழுத்தில் லேபிள் இருந்த இடத்தில் இரண்டு நூல் முனை மட்டும் இருக்கும், சைஸ் செட்டாக இருக்காது, எல் கேட்டால் எக்ஸ்எல்லும் எஸ்ஸும்தான் இருக்கும், ஒரே நிறம் இருபது, இன்னொரு நிறம் மூன்று என்று கிடைக்கும், ஐரோப்பாவுக்குத் தைத்தது என்றால் எம் நமக்கு எல் மாதிரி தொளதொளக்கும். ஒரு கடையில் எல்லா சைஸும், எல்லா நிறமும், கழுத்து லேபிளும், தொங்கும் அட்டையும், புது உறையுமாக அடுக்கிவைத்து "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்று சொன்னால், அது மிச்சமில்லை. அதற்கென்றே அடித்தது. எனக்கு 2008இல் இது தெரிந்திருந்தால் அந்த மேல்தட்டு உறையை வாங்கியிருக்க மாட்டேன்.

காலணிக்கும் இதே கண் வேண்டும். இங்கே பக்கத்தில் பர்கூரில் சூரத்திலிருந்து வந்த சேலைகளும் துணிகளும் தெருத்தெருவாக விற்பதைப் பார்த்து அதைக் குட்டி சூரத் என்பார்கள். அதே பர்கூரின் சிப்காட்டில் காலணி ஆலைக்கு எங்கள் சித்தி மகள் போகிறாள். அவள் சொல்லித்தான் ஷூவின் நாக்கில் உள்ள சின்ன லேபிளைப் பார்க்கக் கற்றேன். பெட்டியில் இருக்கிற ஸ்டைல் எண்ணும் நாக்கில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்: நைக்கியில் ஆண்களுக்கு அமெரிக்க அளவு 9 என்றால் பிரிட்டிஷ் அளவு 8, ஐரோப்பிய அளவு 42.5, நீளம் 27 சென்டிமீட்டர். போலியில் இந்த நான்கும் சண்டை போட்டுக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடிடாஸ் ஷூவில் பொதுவாக இடது காலுக்கும் வலது காலுக்கும் வேறு வேறு வரிசை எண் இருக்கும். நகலில் இரண்டு காலுக்கும் ஒரே எண்ணை அடித்துவிடுகிறார்கள்.

இப்போதைய போலிகள் என் மஞ்சள் பனியனைவிட எவ்வளவோ தேறிவிட்டன. நைக்கியின் துணி லேபிளில் 56323 என்ற அமெரிக்கப் பதிவு எண் இருக்கும். அதையும் அச்சுப் பிசகாமல் அடிக்கிறார்கள். கட்டம் கட்டமான க்யூ.ஆர். கோடும் இருக்கிறது. போனில் ஸ்கேன் செய்தால் கம்பெனியின் முகப்புப் பக்கம் திறக்கும். அது எதற்கும் சாட்சி இல்லை, அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். நம் நாட்டில் முறையாக விற்கிற உடையில் எம்.ஆர்.பி., தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, புகார் எண் இருக்க வேண்டும். முகவரி இல்லாத அட்டையைப் பார்த்தால் நான் அதற்கு மேல் ஒன்றையும் பார்ப்பதில்லை. பில் கேட்பேன். பில் தர யோசிக்கிற கடையிலிருந்து இறங்கிவிடுவேன்.

இவ்வளவும் தெரிந்தவன் என்பதால் நான் ஒரு தவறும் செய்தேன். பள்ளியில் சேர்ந்த முதல் வருடம், மைதானத்தில் ஒரு மாணவி மூன்று கோடு போட்ட டிராக் பேன்ட்டோடு வந்தாள். எட்டாம் வகுப்பு. 800 மீட்டர் ஓடுவாள். அப்பா சூளகிரிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் கூலி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற உற்சாகத்தில் அவள் பேன்ட்டின் கால் ஓரத்தை மடித்து, "இங்க பாருங்க, இந்தத் தையல்…" என்று ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். பின்னால் ஒரு பையன் "டூப்ளிகேட்டு" என்றான். அந்தச் சொல் அந்த மாதம் முழுவதும் அவள் பின்னாலேயே போனது. இரண்டு வாரம் அவள் மைதானத்துக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசினேன். பேன்ட்டை அவர் சந்தையில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கியிருந்தார், மகள் ஓடுகிறாள் என்று. என் அப்பா கொடுத்த நானூற்றைம்பதுக்கும் அந்த முந்நூறுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அவள் திரும்பி வந்தாள், மறு வருடம் மண்டலப் போட்டியிலும் ஓடினாள். ஆனாலும் அந்த இரண்டு வாரத்துக்கு நான்தான் காரணம். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் உடையையும் நான் தொட்டுக் காட்டியதில்லை. பெட்டியில் அம்மா எடுத்துவைத்திருந்த என் மஞ்சள் பனியனைக் கொண்டுபோய், அதைத் திருப்பி, என் அக்குள் தழும்பையும் சேர்த்துக் காட்டித்தான் பாடம் நடத்துகிறேன். போலி வாங்கியவர் ஏமாந்தவர். ஏமாற்றியவர் வேறு எங்கோ இருக்கிறார் என்பதைப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓடுகிற பிள்ளையின் பெற்றோர் கேட்டால் நான் சொல்வது இதுதான். அசல் வாங்க முடிந்தால் முகவரியும் பில்லும் உள்ள கடையில் வாங்குங்கள். முடியாவிட்டால் பெரிய பெயரைத் தேடாதீர்கள். பெரிய பெயர் அடித்த முந்நூறு ரூபாய் பனியனைவிட, தன் சொந்தப் பெயரைப் போட்டு நம்மூர்க்காரர் தைத்த இருநூறு ரூபாய் பனியன் பிள்ளைக்கு நல்லது. எதை வாங்கினாலும் கடையிலேயே உள்பக்கம் திருப்புங்கள். அக்குள் தையலை விரலால் தடவிப் பாருங்கள். தட்டினால் வைத்துவிடுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எங்கள் பள்ளி அணிக்கு இந்த வருடம் திருப்பூரில் சொல்லித் தைத்தோம். 22 பனியன், அக்குளில் பிளாட்லாக், மார்பில் பள்ளியின் பெயர் மட்டும். பார்சல் வந்த அன்று அக்காவைக் கூப்பிட்டேன். கார்மெண்ட்ஸ் வேலையை விட்டு மூன்று வருடமாகிறது, கண்ணாடி போட்டிருக்கிறார். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அம்பு ஸ்டிக்கர் இல்லாததால் அம்மாவின் பொட்டு அட்டையிலிருந்து எடுத்து இரண்டு பனியனில் சிவப்புப் பொட்டு ஒட்டினார். ஒன்றில் கழுத்து ரிப் இழுத்துக்கொண்டிருந்தது, இன்னொன்றில் பக்கத் தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது. அந்த இரண்டையும் திருப்பி அனுப்பினோம். பத்து நாளில் மாற்றிக் கொடுத்தார்கள்.